டாரட் அட்டைகளை எதிர்காலம் கேட்காமல், யோசிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறீர்களா?

மழைத்தாள் (கேள்வி)

வணக்கம். ஒரு ரைடர்-வெயிட் டாரட் கட்டு வாங்கியிருக்கிறேன், ஜோசியம் பார்ப்பதற்காக இல்லை. எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு, ஆனால் பக்கம் பக்கமாக எழுதினாலும் அதே நாலு புலம்பலையே திருப்பித் திருப்பி எழுதுகிறேன், வெளியிலிருந்து ஏதாவது ஒரு தூண்டுதல் இருந்தால் வேறு பக்கம் யோசிக்க வருமே என்றுதான் வாங்கினேன். இப்போது மனதில் ஓடுவது பெரிய விஷயம். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அம்மாவிடம் போய்விடுவதா, அம்மாவை இங்கே அழைத்துக்கொள்வதா, இப்படியே போய் வந்துகொண்டிருப்பதா. இதை அட்டை தீர்மானிக்கக் கூடாது என்பதில் தெளிவாக இருக்கிறேன். ஒழுங்காக யோசிக்கவாவது உதவுமா என்பதுதான் கேள்வி.

இதுவரை உதவவில்லை. காலையில் ஒரு அட்டை எடுக்கிறேன், கூடவே வந்த குட்டிப் புத்தகத்தில் அர்த்தம் பார்க்கிறேன், புதிய தொடக்கம், சமநிலை தேவை என்று ஏதோ போட்டிருக்கிறது, சரி என்று மூடி வைத்துவிடுகிறேன். அதோடு முடிந்துவிடுகிறது.

அப்புறம், போன வாரம் டெத் அட்டை வந்தது. அம்மாவைப் பற்றிய கேள்வியோடு உட்கார்ந்திருக்கும்போது அது வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நம்பிக்கை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும் வயிற்றைப் பிசைந்தது, அன்றைக்கு முழுக்க அம்மாவுக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். அம்மாவுக்கும் இந்த அட்டைகள் பிடிக்கவில்லை, அதெல்லாம் வீட்டில் வைக்காதே என்கிறார். தோழி ஒருத்தி, ஆரக்கிள் கார்டு வாங்கு, அதில் பயமுறுத்தும் படங்களே இருக்காது என்கிறாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இந்த மாதிரி யோசனைக்கு எது ஏற்றது?

தெற்குவாசல்

அந்தக் குட்டிப் புத்தகத்தைக் கொஞ்ச நாளைக்குக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அர்த்தங்களே வேண்டாம் என்று சொல்லவில்லை, அர்த்தம் முதலில் வந்துவிட்டால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. நான் செய்வது இதுதான்: அட்டையை எதிரில் வைத்து, அதில் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதுவேன். யார் இருக்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார், கையில் என்ன, காலடியில் என்ன, தூரத்தில் என்ன தெரிகிறது, வானம் எப்படி இருக்கிறது. நல்லது கெட்டது எதையும் சேர்க்காமல், ஸ்டேஷனில் சாட்சி சொல்வது போல. அப்படி எழுதிக்கொண்டே போகும்போது ஏதோ ஓர் இடத்தில் கை நிற்கும், இல்லையென்றால் ஒரு சின்ன விஷயத்தைப் பற்றி மட்டும் தேவைக்கு மேல் எழுதியிருப்பீர்கள். அன்றைக்கு எழுத வேண்டியது அங்கேதான் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள்.

ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸ் அட்டையை எடுத்துப் பாருங்கள். புத்தகத்தில் கஞ்சத்தனம், பாதுகாப்பு, பிடிவாதம் என்று இருக்கும். படத்தில் ஒருவன் ஒரு காசைக் கிரீடத்தின் மேல் வைத்திருக்கிறான், ஒன்றை மார்போடு அணைத்திருக்கிறான், இரண்டு பாதங்களுக்கு அடியிலும் ஒவ்வொன்று. பின்னால் ஒரு நகரமே இருக்கிறது, இவன் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். எழுந்தால் நாலில் ஏதாவது ஒன்று போய்விடும். பாவம், தலையைக்கூட ஆட்ட முடியாதே என்று ஒருவர் எழுதுவார், நிம்மதியாக இருக்கிறான் என்று இன்னொருவர் எழுதுவார். நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெங்களூர் வேலையில் எதை விட்டுவிட மனமில்லை, சம்பளமா, தனியாக வாழும் சுதந்திரமா, அங்கே உங்களுக்கு இருக்கும் பெயரா என்று கேட்டுக்கொள்ள இதைவிட நல்ல படம் கிடைக்காது.

இந்தக் கட்டு இதற்கு இவ்வளவு வசதியாக இருப்பதற்குக் காரணம் அதை வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித். அதற்கு முன்பு பரவலாக இருந்த மார்செய் என்ற பழைய பிரெஞ்சு வகைக் கட்டுகளில் எட்டுக் கோப்பை என்றால் எட்டுக் கோப்பைகளை அடுக்கி வரைந்திருப்பார்கள், ஆளும் இல்லை, கதையும் இல்லை. 1909-இல் லண்டனில் ரைடர் பதிப்பகம் இந்தக் கட்டை வெளியிட்டபோது, நாலு வகையில் வரும் 56 மைனர் அட்டைகளிலும் ஒரு காட்சி இருந்தது. ஏஸ் அட்டைகள் போகப் பெரும்பாலானவற்றில் மனிதர்கள் ஏதாவது செய்துகொண்டிருக்கிறார்கள், தூங்குகிறார்கள், சுமக்கிறார்கள், விட்டுவிட்டுப் போகிறார்கள். கட்டுக்குப் பெயராக நின்றது பதிப்பகத்தாரின் பெயரும், யோசனை சொன்ன ஆர்தர் எட்வர்ட் வெயிட்டின் பெயரும்தான். ஸ்மித்துக்குக் கிடைத்தது சொற்பத் தொகை, 1951-இல் கார்ன்வாலில் கடனோடு இறந்துபோனார். இப்போது நிறையப் பேர் ரைடர்-வெயிட்-ஸ்மித் என்று முழுதாகச் சொல்வது அதனால்தான். அவர் வரைந்ததைப் பார்க்காமல் புத்தகத்துக்கு ஓடுவது எனக்கு அவருக்குச் செய்யும் அநியாயமாகவே படும்.

டெத் அட்டைக்கு வருகிறேன். அதை எடுத்து மறுபடி பாருங்கள், இந்த முறை எலும்புக்கூட்டை விட்டுவிட்டுக் கீழே இருப்பவர்களைப் பாருங்கள். அரசர் விழுந்து கிடக்கிறார். மஞ்சள் உடையில் மதகுரு எதிரே நின்று கைகூப்புகிறார். ஓர் இளம்பெண் மண்டியிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பக்கத்தில் ஒரு குழந்தை நேராக நிமிர்ந்து பார்க்கிறது. தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். வருவது ஒன்றுதான், அதன் முன்னால் நாலு பேர் நாலு விதமாக இருக்கிறார்கள். அம்மாவுக்கு வயதாகிறது என்ற விஷயத்தில் இந்த நாலு பேரில் நீங்கள் இப்போது யார்? போன் செய்துகொண்டே இருந்தீர்களே, அது எந்த ஆள் செய்கிற வேலை? யாரோ சாகப்போகிறார் என்று அந்த அட்டை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது, அது அச்சடித்த காகிதம். ஆனால் நீங்கள் பயந்தது நிஜம், அந்தப் பயத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம்.

கேள்வி கேட்கும் விதத்தையும் மாற்ற வேண்டும். போகலாமா வேண்டாமா என்று கேட்டால் மனம் அட்டையில் ஆமாம், இல்லை என்பதைத்தான் தேடும். அம்மாவிடம் கேட்காமலேயே நான் முடிவு கட்டிக்கொண்டது எது, ஊருக்குத் திரும்பினால் யார் என்ன சொல்வார்கள் என்று பயப்படுகிறேன், இந்த மாதிரி கேளுங்கள்.

ஏட்டுச்சுவடி

அம்மாவின் பயத்துக்கு என்னால் முடிந்த பதில், இந்த அட்டைகள் எங்கிருந்து வந்தன என்று அவருக்குச் சொல்வது. 15-ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் பிரபுக்கள் விளையாடிய சீட்டாட்டம் இது, அவ்வளவுதான். மிலான் பிரபுக்களான விஸ்கான்டி, ஸ்ஃபோர்சா குடும்பங்களுக்காகத் தங்க முலாமிட்டு வரைந்த அட்டைகள் இன்றும் நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும் பெர்காமோவிலும் இருக்கின்றன. மேஜர் என்று இப்போது சொல்லும் 22 அட்டைகளில், ஃபூல் என்ற ஒன்று போக மற்ற 21-ம் துருப்புச் சீட்டாக இருந்தவை. பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் டாரட் கட்டை வைத்துச் சீட்டாடுகிறார்கள்.

மாயம், மந்திரம், எகிப்தின் ரகசிய ஞானம் எல்லாம் முந்நூறு வருஷத்துக்கும் மேலான பிறகு ஒட்டிக்கொண்டவை. 1781-இல் கூர் த ஜெபலான் என்ற பிரெஞ்சுக்காரர் இவை எகிப்தியப் பூசாரிகளின் தொலைந்துபோன நூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தை அப்போது உலகத்தில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது, ஷாம்போலியோன் அதை அவிழ்த்தது 1822-இல். அதற்கப்புறம் அந்தக் கதைக்கு ஓர் ஆதாரமும் கிடைக்கவில்லை. ஆனால் சில வருஷங்களிலேயே எத்தெய்யா என்ற பெயரில் ஒருவர் குறி சொல்வதற்கென்றே தனிக் கட்டு போட்டுவிட்டார். மேலே சொன்ன வெயிட்டும் ஸ்மித்தும் கோல்டன் டான் என்ற மறைஞான அமைப்பில் இருந்தவர்கள், அதனால் நீங்கள் வைத்திருக்கும் கட்டில் அந்தக் குறியீடுகள் இருக்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. குறியீடு இருப்பதால் அட்டைக்குச் சக்தி வந்துவிடாது என்பதுதான் என் கருத்து.

தற்செயலாகக் கையில் வருவதை வைத்து யோசிப்பது நமக்கும் புதிதில்லை. திருமுறையில் கயிறு சாத்திப் பார்ப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏட்டுக் கட்டுக்கு நடுவே கயிற்றைச் செருகி, எந்த ஏடு வருகிறதோ அந்தப் பாட்டைப் பிரித்துப் படிப்பார்கள். சைவ ஞானி மெய்கண்டார் பிறந்த கதையே அப்படித்தான். பெண்ணாகடத்தில் பிள்ளையில்லாமல் இருந்த அச்சுதகளப்பாளர் கயிறு சாத்தியபோது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது, திருவெண்காடு போய் முக்குளத்தில் நீராடி வழிபட்டுப் பிள்ளை பெற்று, சுவேதவனப் பெருமாள் என்று அந்த ஊர் இறைவன் பெயரையே வைத்தார் என்பது சைவ மரபு. கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பது, திருவுளச் சீட்டு எல்லாம் இந்த வகைதான்.

ஆனால் இதையும் டாரட்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். கயிறு சாத்துகிறவர் பதில் சொல்வது இறைவன் என்று நம்பிக் கேட்கிறார், வந்த பாட்டுக்குக் கட்டுப்படுகிறார். நீங்கள் கேட்பது உங்களையே, யாருக்கும் கட்டுப்படத் தேவையில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். எதையோ கும்பிடுகிறாள், எதையோ வரவழைக்கிறாள் என்பதுதான் பெரும்பாலும் அவர்களுடைய பயம். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் கும்பகோணம் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், அவர் வீடு, அவர் விருப்பம்.

அரைவட்டம்

எனக்கு டாரட்டில் நம்பிக்கை கிடையாது, மனநல ஆலோசனைத் துறையில் இருப்பதால் எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் நோக்கத்துக்கு இது பயன்படும் என்றே நினைக்கிறேன், ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்து, ஆளுக்கொரு அறிக்கை கொடுத்தார். உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை, வாக்கியங்களைப் பெரும்பாலும் கடையில் வாங்கிய ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளே உங்களுக்குக் கவலை உண்டு என்கிற மாதிரி வாக்கியங்கள். யாருக்குத்தான் பொருந்தாது? ஆகவே அட்டை அப்படியே என்னைச் சொன்னது என்று தோன்றும் நேரத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பொருந்துவதால் அதில் அறிவு இருக்கிறது என்று ஆகாது. இதனால்தான் தெற்குவாசல் சொன்ன முறை எனக்குப் பிடித்திருக்கிறது: அர்த்த வாக்கியம் எல்லோருக்கும் பொருந்தும், ஆனால் படத்தைப் பார்த்து நீங்கள் எழுதுவது உங்களுடையது. 1935-இல் ஹார்வர்டில் கிறிஸ்டியானா மார்கனும் ஹென்றி மர்ரேயும் கிட்டத்தட்ட இதே யோசனையில்தான் ஒரு சோதனையை உருவாக்கினார்கள், தெளிவில்லாத ஒரு காட்சியைக் காட்டி இதற்கு ஒரு கதை சொல்லுங்கள் என்பார்கள். சோதனையாக அதன் நம்பகத்தன்மை பற்றித் துறைக்குள் நிறையச் சண்டை உண்டு, பேச்சைத் தொடங்கிவைக்க உதவும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது அந்தப் போன்தான். அட்டை பிடிக்காமல் போய் இன்னொன்று எடுப்பது, அதுவும் பிடிக்காமல் மறுபடி கலைப்பது, மனம் சமாதானமாகும் வரை எடுத்துக்கொண்டே இருப்பது, இது தொடங்கிவிட்டால் அங்கே யோசனை நடக்கவில்லை, பதற்றம் தன்னை ஆற்றிக்கொள்ளப் பார்க்கிறது, ஆறவும் ஆறாது. ஒரு தடவைக்கு ஒரு அட்டை, வந்தது வந்ததுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனசு ரொம்பக் கலங்கியிருக்கும் நாளில் கட்டைத் தொடவே வேண்டாம். தூக்கம் கெட்டு, இந்த நினைப்பே நாள் முழுக்க ஓடுகிறது என்றால் ஒரு மனிதரிடம் பேசுங்கள், டெலி-மனாஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம்.

ஆரக்கிள் கார்டு பற்றி: வேண்டாம் என்பேன். அதில் பெரும்பாலும் வாக்கியமே அச்சாகி இருக்கும், ஃபோரர் கொடுத்த அறிக்கையை அழகான காகிதத்தில் போட்ட மாதிரி.

சாம்பல்புறா

அரைவட்டம் ஆரக்கிளை இவ்வளவு சீக்கிரம் ஒதுக்கிவிட்டது எனக்கு ஒப்பவில்லை.

முதலில் வித்தியாசம். டாரட் என்றால் 78 அட்டை, 22 மேஜர், வாண்ட்ஸ் (கோல்), கப்ஸ் (கோப்பை), ஸ்வார்ட்ஸ் (வாள்), பென்டகிள்ஸ் (காசு) என்று நாலு வகையில் தலா 14, எந்தக் கட்டு வாங்கினாலும் பெரும்பாலும் இந்தச் சட்டகம்தான். ஆரக்கிளுக்கு அப்படி எதுவும் கிடையாது, போடுகிறவர் இஷ்டம், முப்பதும் இருக்கலாம், அறுபதும் இருக்கலாம், பறவை, கல், செடி எதுவும் வரலாம். சட்டகம் இல்லாததால் உள்ளே கிடைப்பது அதைப் போட்டவரின் மனப்போக்குதான். எல்லா அட்டையும் நீ அன்புக்குரியவள், பிரபஞ்சம் உன்னைத் தாங்குகிறது என்று தடவிக்கொடுக்கும் கட்டுகள் நிறைய இருக்கின்றன, அவற்றைப் பற்றி அரைவட்டம் சொன்னது சரிதான். டவர் மாதிரி, த்ரீ ஆஃப் ஸ்வார்ட்ஸ் மாதிரி நெஞ்சைக் குத்தும் அட்டை ஒன்றுகூட இல்லாத கட்டு, கஷ்டமான கேள்வியோடு உட்காருகிறவருக்கு உதவாது. உங்கள் தோழி சொல்லும் மென்மை எனக்கு அதனாலேயே குறையாகப் படுகிறது.

ஆனால் எழுத்தே இல்லாத, வெறும் படம் மட்டும் உள்ள ஆரக்கிள் கட்டுகளும் உண்டு. அதைவிட, நீங்களே செய்துகொள்ளலாம். நான் அதைத்தான் பல வருஷமாக வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒரே அளவாக வெட்டி, பழைய வாரப்பத்திரிகைப் படங்கள், வீட்டு ஆல்பத்தில் இருந்து எடுத்த நகல்கள், ரயில் ஜன்னலில் எடுத்த போட்டோ என்று ஒட்டுங்கள். பின்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே தாள் ஒட்டினால் எது எது என்று தெரியாது. உங்கள் விஷயத்தில் கும்பகோணம் வீட்டுத் திண்ணையும், அம்மாவின் மூக்குக் கண்ணாடியும், உங்கள் அலுவலக மேசையும் அதில் அட்டையாக இருந்தால் எந்த அச்சுக் கட்டும் அதற்கு ஈடாகாது. ஒட்டுவதற்கு எந்தப் படத்தை எடுத்தோம், எதை வேண்டாம் என்று தள்ளினோம் என்பதிலேயே பாதி யோசனை நடந்துவிடும்.

இன்னொன்று, குலுக்கித்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? டெத் வந்துவிடுமோ என்ற பயம் இருக்கும் வரைக்கும் எல்லா அட்டையையும் முகம் மேலே தெரியப் பரப்பி வையுங்கள். இப்போதைய நிலைமை எது, நான் ஆசைப்படுவது எது, பார்க்கவே பிடிக்காதது எது என்று கண்ணால் பார்த்து நீங்களே பொறுக்குங்கள். அப்போது விதி, சகுனம் என்று நினைக்க இடமே இல்லை, தேர்ந்தெடுத்தது முழுக்க நீங்கள். பார்க்கப் பிடிக்காமல் தள்ளிய அட்டையை ஒரு நாள் கழித்து எடுத்து அதைப் பற்றி எழுதுங்கள், எனக்கு அதில்தான் அதிகம் கிடைத்திருக்கிறது.

மழைத்தாள்

எல்லோருக்கும் நன்றி. பரப்பி வைத்துப் பார்த்தேன். ஆசைப்படுவது எது என்று தேடும்போது கை தானாக சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸுக்குப் போனது, படகோட்டி ஒருவன் ஒரு பெண்ணையும் குழந்தையையும் ஏற்றிப் போகும் படம். பார்த்தவுடன் நானும் அம்மாவும் என்றுதான் தோன்றியது, ஆனால் எழுத எழுத எனக்கே குழப்பம், அதில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது நானா அம்மாவா என்று முடிவு செய்ய முடியவில்லை. படகில் ஆறு வாளும் குத்தி நிற்கிறதே, அதைப் பிடுங்கினால் தண்ணீர் உள்ளே வந்துவிடாதா என்று அதிலேயே நின்றுவிட்டேன்.

இரண்டு சந்தேகம். அட்டை தலைகீழாக வந்தால் தனி அர்த்தம் என்கிறார்களே, அதைப் பார்க்க வேண்டுமா? கடந்தது, நடப்பது, வரப்போவது என்று மூன்று அட்டை வைப்பது இதற்குச் சரிவருமா?

தெற்குவாசல்

தலைகீழை விட்டுவிடுங்கள், நேராகத் திருப்பி வைத்துப் பாருங்கள். படம் பார்ப்பதுதான் வேலை என்றால் தலைகீழாகப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. ஹேங்டு மேன் மட்டும் விதிவிலக்கு, அதை எப்போதாவது வேண்டுமென்றே திருப்பிப் பாருங்கள், ஒற்றைக் காலில் தொங்குகிறவன் ஏன் அவ்வளவு அமைதியான முகத்தோடு இருக்கிறான் என்று புரிய ஆரம்பிக்கும்.

மூன்று அட்டை நல்லதுதான், இடங்களுக்கு அந்தப் பெயர்கள் வேண்டாம். வரப்போவது என்று ஓர் இடம் வைத்தாலே ஜோசியம் உள்ளே வந்துவிடும், மறுபடியும் அம்மாவுக்குப் போன் செய்துகொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரிந்தது, அம்மாவுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது, இந்த மாதத்துக்குள் செய்யக்கூடியது என்று வைத்துப் பாருங்கள். நடு இடத்துக்கு எந்த அட்டை வந்தாலும் பதில் உங்களிடம் இருக்காது, அவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும், அதனால் அங்கே விளக்கம் எழுதாமல் கேள்விகளாக மட்டும் எழுதுங்கள். ராத்திரி தனியாக இருக்கப் பயமா, பெங்களூர் வந்தால் பேசுவதற்கு யார் இருப்பார்கள், நான் வந்து கூட இருப்பது அவருக்கு வேண்டுமா, இல்லை என் வேலை போய்விடுமே என்று அவர் கவலைப்படுகிறாரா. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அடுத்த தடவை ஊருக்குப் போங்கள், கட்டு பெங்களூரிலேயே இருக்கட்டும்.

படகிலிருந்து வாளைப் பிடுங்கினால் தண்ணீர் வரும் என்று நின்றுவிட்டேன் என்கிறீர்கள், அங்கிருந்தே தொடருங்கள். ஆறு வாளுக்கும் ஆறு பெயர் எழுதுங்கள், எதைப் பிடுங்க முடியாது, எதோடு சேர்த்துத்தான் கரை போக வேண்டும் என்று. அப்புறம் அந்தப் படத்தில் படகின் இரண்டு பக்கத் தண்ணீரையும் பாருங்கள், ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் அலையே இல்லை.